ஊதா அன்னாசிப்பழம்

...மூணு மொழியில சொன்னாங்கண்ணே. மலாய்ல ஒரு தடவை, இங்கிலீஷ்ல ஒரு தடவை, நமக்குப் புரியாமப் போயிருமோன்னு தமிழ்லயும் ஒரு தடவை. "அஞ்சு வயசு லோஷினியோட அப்பா சுகுமாறன் காணாமப் போயிட்டாரு. பாத்தவங்க மேடைக்கிட்ட கூட்டிட்டு வாங்க." காணாமப் போனது நானாம். நாப்பது வயசு ஆளு, இதே பெக்கான் நானாஸ்ல பொறந்து வளந்தவன்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்கண்ணே, லோஷினி என் தோள்லயே தூங்கிட்டா.

இல்ல, நீங்களே சொல்லுங்க. பள்ளி லீவுக்குக் குடும்ப விழான்னு, நட்ட நடு மத்தியானத்துல வெச்சிருக்காங்க. காத்தாடியெல்லாம் இருக்கு. என்ன, அத்தனையும் தலைவர் நாற்காலியப் பாத்துத் திருப்பி வெச்சிருக்கு. ரொம்ப நல்ல ஏற்பாடு லா.

எனக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூர்ல வேலை. இவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி பைக்க எடுத்தா, தூங்கினப்புறம்தான் வீடு. ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான் மிச்சம். வீட்டுக்காரி சாந்தினிக்கு இன்னிக்கு ஷிப்ட். புள்ள கைய விடாதீங்கன்னு பத்து தடவை சொல்லிட்டுப் போனா. என்னமோ நான் விட்டுர்ற ஆளு மாதிரி.

வந்தவுடனே வர்ணம் தீட்டுற போட்டி. ஆறு வயசுக்குக் கீழ. பேப்பர்ல ஒரு அன்னாசிப்பழம். இவ எடுத்தா பாருங்க, ஊதா. பேருலயே அன்னாசி இருக்கிற ஊருல பொறந்துட்டு ஊதா அடிச்சா நாளைக்கு நான் வெளிய தல காட்ட முடியுமா? அப்பா கொஞ்சம் காட்டுறேம்மான்னு, இவ பாதி அடிச்சத மடிச்சு பாக்கெட்ல வெச்சிட்டு, புதுப் பேப்பர் வாங்கினேன். கொஞ்சந்தாண்ணே. கண்ணு கண்ணா மஞ்சள், ஓரத்துல ஆரஞ்சு, நிழல் விழற பக்கம் லேசா பச்சை... நிமிந்து பாத்தா நாற்காலி காலி.

உசுரே போயிருச்சு. பலூன் கடை, சாப்பாட்டுக் கடை, காடி பைக்கெல்லாம் நிறுத்துற எடம்... சாக்கடைக்குள்ளகூட எட்டிப் பாத்தேன். பேரு சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே ஓடறேன். அப்பத்தான் மைக்ல அந்த அறிவிப்பு.

ஓடினா, இவ மேடைக்கிட்ட சிரப் தண்ணி குடிச்சிட்டு உக்காந்திருக்கா. பக்கத்துல சந்திரமதின்னு ஒரு தொண்டூழியர் அம்மா. பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. புள்ள பாத்ரூம் போகணும்னு ரெண்டு தடவை கூப்பிட்டுச்சாம், நான் நிமிரலயாம். தனியாப் போயிட்டுத் திரும்பி வர வழி தெரியலயாம்.

இதுல பரிசு வேற. நான் மேசையில போட்டுட்டு ஓடின பேப்பர இவ பேர்ல சேத்துக்கிட்டாங்க போல. மூணாவது. ஆறு வயசுக்குக் கீழ உள்ள போட்டியில, நாப்பது வயசு ஆளுக்கு, மூணாவது! நடுவர் மேடையில இவகிட்ட எப்பிடிம்மா இவ்வளவு அழகா அடிச்சேன்னு கேக்குறாரு. இவ மைக்கப் புடிச்சு, "அது அப்பாவோடது. என்னோடது அப்பா பாக்கெட்ல இருக்கு" ன்னுட்டா.

திடலே சிரிச்சுது. நானும் சிரிச்சேன், வேற என்ன செய்ய. பரிச அங்கயே வெச்சிட்டு எறங்கினோம். பாக்கெட்ல இருந்தத எடுத்துக் குடுத்து, மீதிய அடிக்கலாமான்னு கேட்டேன். "அப்பா தொடக்கூடாது. பாக்கலாம்" ன்னா.

பாத்தேண்ணே. அர மணி நேரம். ஊதாதான். கோட்டுக்கு வெளியதான் பாதி. நாக்க வெளிய நீட்டிக்கிட்டு அடிக்கிறா. இவளுக்கு இந்தப் பழக்கம் இருக்குன்னே எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.