சுவரில் அண்ணாவின் பெயர்

— ஒழுங்கா வருவம். ஆணைக்குழுவுக்குப் போற கடிதம், முதலாம் தாள். "அன்று துறைமுக வீதிப் பழைய ஐஸ் பக்டரியில் பாட்டுக்குக் கூடி இருந்தவர்களும் அவர்கள் அமர்ந்த இடங்களும். ஒன்று, பாயிஸ்: வாசலுக்கு நேரே, துருப்பிடித்த மோட்டாரின் மேல், றபான் மேளத்துடன். இரண்டு, ஜெஸ்மின்: கவிழ்த்த ஐஸ் பெட்டியில், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில். மூன்று, நிலுஷா: அவருக்கு இடப்புறம். நான்கு, சுதர்ஷிகா: தெற்குச் சுவரோடு, நிலத்தில்." சரியா, சுதர்ஷிகா?

— பாயிஸ் எங்க இருந்தவர், றம்ஸான்? அரைவாசி நேரம் ஆடிக்கொண்டெல்லோ நிண்டவர்.

— ஆடினத்த எழுதினா அதுக்கும் பெர்மிட் கேப்பாங்க. அஞ்சாவதுக்கு என்ன போட?

— அஞ்சாவது என்ட அண்ணாட இடம். சுவரில அஞ்சலோ எண்டு கிடந்தது. ஆள் வரேல்ல.

— வரல்ல எண்டா, பேர எழுதினது ஆரு எண்டு கேப்பாங்க.

— நான்தான். வேலை முடிய வாறன் எண்டவர், இடம் பிடிச்சு வைச்சனான். இருக்கிற இடத்தில கரியால பேர் எழுதோணும் எண்டு சட்டம் போட்டது ஆர்?

— கதிரை இல்லாத இடம். ஒழுங்கு வேணும் எண்டுதான் சொன்னன்.

— நல்ல ஒழுங்கு! பொலிஸ் வந்து பாக்க, சுவரில நீங்கள் கீறின துறைமுகப் படத்துக்கு நேர கீழ அவற்ற பேர் மட்டும். கீறினவர் கையெழுத்து வைச்சமாதிரி. உப்புவெளி ஹோட்டல் குசினியில வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்ட மனிசனை, ஏப்ரனோட ஏத்திக்கொண்டு போட்டாங்கள். இண்டைக்கு ஒன்பது நாள்.

— நான் கீறினது படம். அவங்க அத தாக்குதலுக்குப் போட்ட வரைபடம் எண்டுறாங்க.

— ஜெட்டி எத்தினை, மிதவை எத்தினை எண்டு எண்ணிக் கீறினா வேற என்னெண்டு நினைப்பாங்கள்? நீங்கள் பின்பக்கத்தால ஓடிட்டியள். எங்களைப் பிடிச்சுக் கேக்க, கீறினது ஆரெண்டு தெரியாது எண்டம். உங்களைக் காட்டிக் குடுக்கேலாது எண்டுதான். அது அண்ணாட தலையில விழும் எண்டு கண்டமே? நகத்தைப் பாருங்கோ, இன்னும் நீலம்.

— தின்னர் போட்டும் கழுவிட்டன். போகுதில்ல.

— நேற்று அண்ணாவைப் பாக்க விட்டவங்கள். "வேலை இருக்கும்தானே?" எண்டு அதை மட்டும்தான் கேட்டவர்.

— என்ன சொன்னீங்க?

— இருக்கும் எண்டன். அங்க வேற ஆள் எடுத்தாச்சு.

— ம்... எழுதுறன். "ஐந்தாவது இடத்தில் ஒருவரும் இல்லை. படத்தின் கீழ் அஞ்சலோவின் பெயரை எழுதியவள் அவரது தங்கை சுதர்ஷிகா." இதில கையெழுத்து வைங்க. யோசிச்சு வைங்க, ஒங்களயும் கூப்பிடுவாங்க.

— கூப்பிடட்டும், இந்தா வைச்சிட்டன். ரெண்டாம் தாள் இருக்கேக்க எனக்கென்ன பயம்? எழுதினீங்களோ?

— ராவே எழுதி ஒப்பமும் வெச்சிட்டன்.

— வாசியுங்கோவன்.

— "அந்தத் துறைமுகப் படத்தை ஏணியில் ஏறி நின்று தனியாகக் கீறியவன் நான், றம்ஸான். அஞ்சலோவுக்கும் சுதர்ஷிகாவுக்கும் அதில் எந்தச் சம்பந்தமும் இல்லை."

— உம்மாக்குச் சொன்னீங்களோ?

— இன்னும் இல்ல. எங்கட கிண்ணியாவில ஒருத்தருக்கும் தெரியாது.

— தங்கச்சி, ரெண்டு பேரும் போஸ்ட் ஒப்பீஸ் வாங்கில இருந்து கதைச்சு முடிஞ்சுதா? வான் வந்திட்டு. நான் தபால் பை கட்டப் போறன்.

— ஓம், பரீதாக்கா, இந்தா. கொழும்பு மனித உரிமை ஆணைக்குழுவுக்கு, பதிவுத் தபால். றம்ஸான், நீங்களே ரெண்டு தாளையும் மடிச்சு ஒட்டுங்கோ. நான் முத்திரைக் காசு எண்ணுறன்.

— பசை அந்தச் சிரட்டைக்குள்ள கிடக்கு, தம்பி. கிழிக்காம ஒட்டுங்க.

— ஒட்டிட்டன்.

— இந்தா ரசீது, தங்கச்சி. பத்திரம்.

— நாளைக்குப் போயிடுமோ, அக்கா?

— நாளைக்கில்லாட்டி மறுநாள். பை கட்டியாச்சு. சில்வா, வானில ஏத்துங்க!

— வான் வெளிக்கிட்டிட்டு... ஒன்பது நாளைக்குப் பிறகு இப்பதான் மூச்சு விடுறன். வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிப்பம். ஏன் அப்பிடியே நிக்கிறியள்?

— ஒண்டுமில்ல.

— றம்ஸான், சட்டைப் பொக்கற்றுக்குள்ள மடிச்சுக் கிடக்கிறது என்ன?

— ரெண்டாம் தாள்.