மங்கலான கோடு

எனக்கு மதியம் தூங்கும் பழக்கம் கிடையாது, ஐயா. சாப்பிட்ட கையோடு கணினி முன் உட்கார்ந்துவிடுவேன். அன்றும் அப்படித்தான்.

சாகும் நட்சத்திரம் தன் மேலடுக்கு வாயுவை வெளியே ஊதித் தள்ளும்; அது நெபுலா என்ற மேகமாகப் பல நிறங்களில் ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்தால் கோடுகள் கிடைக்கும். கோடுகளின் பிரகாசத்தை வைத்து, வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் எவ்வளவு என்று கணக்கிடுவது என் வேலை. தொலைநோக்கியில் ஒளியைப் பதிவுசெய்து தருவது என் மச்சான், என் மனைவியின் அண்ணன். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவரும் அவர்தான்.

ஒரே நெபுலாவோடு ஒன்பது வருடம் மாரடித்தேன். அதில் கார்பன் அளவுக்கு மீறி இருக்கிறது என்று கட்டுரை எழுதினேன்; எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மங்கலான ஆக்சிஜன் கோடு மட்டும் என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கருவியின் இரைச்சல் என்று சொல்லி அழித்துவிட்டேன். ஊரில் இல்லாததைச் செய்துவிடவில்லை.

மச்சான் புதிய பதிவோடு வந்து, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, அந்தக் கோடு நிஜமாவே இருக்கு. மூணு தடவை எடுத்துப் பார்த்துட்டேன். நீங்க போட்டதைவிட வாயு சூடு அதிகம். சூட்டாலதான் கோடெல்லாம் அவ்வளவு பிரகாசம், கார்பன் அதிகம்ங்கிற கதை நிக்காது."

"யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் சொல்லலை. நீங்களே கண்டுபிடிச்சதா திருத்தம் எழுதிடுங்க. என் பேரு வேண்டாம்."

அந்தப் பெருந்தன்மைதான் எனக்கு ஆகவில்லை.

மேஜையோரம் தொலைநோக்கியைச் சமன்செய்யும் இரும்பு எடை இருந்தது. ஏழு கிலோ. முதல் அடி காதுக்கு மேலே. அவர் விழவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, "என்ன மாப்ளே?" என்றார், நான் காபியைக் கொட்டிவிட்ட மாதிரி. அடுத்த அடிக்குத் தலைமேல் கையை வைத்துக்கொண்டார். விரல்கள் நொறுங்கின. அவராகவே கையை எடுக்கட்டும் என்று காத்திருந்தேன். எடுத்தார். அப்புறம் ஐந்து அடி. கடைசி மூன்றும் தேவையே இல்லை என்கிறார் பிரேதப் பரிசோதனை செய்த உங்கள் மருத்துவர். இருக்கலாம், எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது.

திரையில் தெறித்திருந்ததைத் துடைத்தேன். கோடு பளிச்சென்று தெரிந்தது. அப்போது மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணன் அங்க இருக்காரா? போனை எடுக்க மாட்டேங்கிறாரு."

"இங்கதான் இருக்காரு. கொஞ்சம் அசந்துட்டாரு."

ஆமாம், நான்தான் கொன்றேன். உங்களிடம் காகிதம் கேட்டு வாங்கியது திருத்தம் எழுதத்தான், முடித்துவிட்டேன். தப்பை நானே கண்டுபிடித்ததாகப் போட்டிருக்கிறேன். மச்சான் பேச்சை நான் என்றைக்கும் தட்டியதில்லை.