ஹம்சாவின் கண்ணாடி

மயிலாப்பூரில் எந்த சபாவாக இருந்தாலும், கேன்டீனில் அடை அவியல் தயார் என்று தெரிந்தால் பாதி அரங்கம் எழுந்துவிடும். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அடையைச் சூடாகத்தான் சாப்பிட வேண்டும்.

இப்படி எழுந்துபோகிறார்கள் என்பது என் தங்கை ஹம்சாவுக்கு மட்டும் வெகுகாலம் தெரியாது. நாங்கள் இருவரும் சேர்ந்து பாடுகிறவர்கள். இருவருக்குமே லேசான கிட்டப்பார்வை. வியர்வையில் வழுக்குகிறது என்று அவள் மேடையேறுமுன் கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். எதிரே இருப்பவர்கள் கலர் கலராகத் தெரிவார்களே தவிர முகம் தெரியாது. அதனால்தான் பயமில்லாமல் அப்படி உருகிப் பாடினாள். தொட்டாற்சிணுங்கி அவள், வீட்டுக்கு வந்தவர் யாராவது முகம் சுளித்தாலே குரல் உள்ளே போய்விடும்.

கச்சேரி முடிந்து ஆட்டோவில் ஏறியதும் கேட்பாள்: "எல்லாரும் கடைசி வரைக்கும் இருந்தாளா, அக்கா?"

"ஒருத்தர் அசையலைடீ" என்பேன். அவள் சந்தோஷம் எனக்கு முக்கியம்.

போன வருஷம் சபா செயலாளர் விஜயராகவன் வீட்டுக்கு வந்தார். "மார்கழி சாயங்காலக் கச்சேரியை ஹம்சா தனியாப் பாடட்டுமே, நீரஜா. உங்களுக்கு மத்தியானத்துல ஒரு ஸ்லாட் பார்க்கறேன்" என்றார். மத்தியானக் கச்சேரிக்கு ஜனங்கள் ஏசியில் தூங்கத்தான் வருவார்கள். வயிறு எரிந்தது, மறைப்பானேன். இன்னும் கொஞ்சம் காபி தரட்டுமா என்று கேட்டேன்.

ஹம்சாவின் பிறந்தநாளுக்கு அடையாறு கண் மருத்துவமனை ஒன்றில் லேசர் சிகிச்சையைப் பரிசாகக் கொடுத்தேன். டாக்டர் தங்கமானவர், கைராசிக்காரர். மறுநாளே ஹம்சா லஸ் முனையில் நின்றுகொண்டு பஸ் போர்டையெல்லாம் சத்தமாக வாசித்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

மார்கழியில் தனியாக மேடையேறினாள். கல்யாணி ராகத்தை விஸ்தாரமாக எடுத்தாள். மூன்றாவது வரிசையில் ஒரு மாமா வாயை மூடாமல் கொட்டாவி விட்டார். பக்கத்திலிருந்த மாமி செல்போனில் சிரித்தாள். அப்புறம் அடை வாசனை வந்தது. வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஹம்சா பாட்டை நடுவிலேயே நிறுத்திவிட்டாள். அதற்குமேல் குரல் வரவில்லை.

ஆட்டோவில் கேட்டாள்: "எப்பவுமே இப்படித்தான் எழுந்து போவாளா, அக்கா?"

அவளைக் காப்பாற்ற ஒரு வார்த்தை போதும். ஆமாம் என்றிருக்கலாம்.

"இல்லைடீ, இன்னிக்குத்தான்" என்றேன்.

அவள் கண்ணை நான் கெடுக்கவில்லை, நன்றாக்கினேன். எதைப் பார்ப்பாள், பார்த்தால் என்ன ஆவாள் என்று தெரிந்தேதான் செய்தேன். இப்போது அவள் சுவாமி விளக்கேற்றும்போதுகூடப் பாடுவதில்லை.

இந்த வருஷம் மாலைக் கச்சேரி எனக்கு. ஹம்சா முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து வைத்த கண் வாங்காமல் பார்க்கிறாள். "நீயும் லேசர் பண்ணிக்கோயேன், அக்கா. எல்லார் மூஞ்சியும் பளிச்சுனு தெரியும்" என்கிறாள். எனக்கெதற்கு? நான் நிம்மதியாகத்தான் இருக்கிறேன்.

மேடையேறுமுன் இப்போது நானும் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறேன். வியர்வையில் வழுக்குகிறது.