வலை இல்லாத வள்ளம்

பிரதாபன்: நில்லு, நில்லு... அந்தப் பக்கத்தைத் திருப்பாத.

பிரியவதனி: என்ன அண்ணா, உங்கட மூக்கைப் பெருசாக் கீறிப்போட்டனோ?

பிரதாபன்: பகிடி விடாத, பிரியா. எங்கட குடும்பக் கதையைப் படமாக் கீறி அச்சடிக்கப் போறன் எண்டாய், நானும் ஓம் எண்டன். ஆனா இது... கீழ என்ன எழுதியிருக்கிறாய்? வாசி.

பிரியவதனி: "அன்று விடியற்காலை அப்பா மீன் பிடிக்கப் போனார். திரும்பி வரவில்லை." இதில என்ன பிழை? ஊரே அப்பிடித்தானே...

பிரதாபன்: எழுத்துச் சரி. படம்?

பிரியவதனி: அப்பா, வள்ளம், நெடுந்தீவுக் கடல். வள்ளத்தைத் தள்ளிவிடுறது நீங்கள். பதினொரு வயசு.

பிரதாபன்: வலை எங்க?

பிரியவதனி: அடுத்த பக்கத்தைப் பாருங்கோவன், அண்ணா.

பிரதாபன்: கேக்கிறனெல்லே! வள்ளத்துக்க வலை இல்லை. சூட்கேஸ் இருக்கு!

பிரியவதனி: எழுத்தும் படமும் ஒண்டையே சொன்னா, பிறகு படம் என்னத்துக்கு அண்ணா?

பிரதாபன்: விசர்க் கதை கதையாத! உனக்கு அப்ப மூண்டு வயசு. வீட்டில நித்திரை. கரையில நிண்டது அப்பாவும் நானும் மட்டும்...

பிரியவதனி: அப்ப சூட்கேஸ் இருந்தது உண்மை.

பிரதாபன்: தண்ணி கொஞ்சம் தா.

பிரியவதனி: இந்தாங்கோ. இந்தக் கதிரையில இருங்கோ.

பிரதாபன்: நடுக்கடலில வேற போட் வந்து ஏத்தும் எண்டு அப்பா சொன்னவர். இந்தியாவில இன்னொரு குடும்பம் இருக்காம்... "மீன் பிடிக்கப் போனார் எண்டு மட்டும் சொல்லு ராசா" எண்டவர். சொன்னனான். மூண்டு நாள் சனம் கடல் முழுக்கத் தேடிச்சு. வெறும் வள்ளந்தான் ஒதுங்கினது.

பிரியவதனி: பிறகு?

பிரதாபன்: அம்மா பொட்டை அழிச்சா. நான் மொட்டை அடிச்சு, கீரிமலையில அந்தியேட்டிச் சடங்கு செய்தனான். உயிரோட இருக்கிற மனிசனுக்கு, பிரியா!

பிரியவதனி: இருவது வருஷத்துக்கு மேல... ஒருதரிட்டயும் சொல்லேல்லையோ?

பிரதாபன்: ஆரிட்டச் சொல்லுறது? அம்மா தாங்குவாவோ? ஐயோ... இதை அவவுக்குக் காட்டினனியோ?

பிரியவதனி: ஓம்.

பிரதாபன்: கடவுளே! எங்க அவ இப்ப? என்ன செய்யிறா?

பிரியவதனி: குசினிக்க, அடுப்படியில நிக்கிறா. உங்கட முகத்தைப் பாக்கப் பயமாம்.

பிரதாபன்: பயமோ? பொய் சொன்னவன் நான். அவவுக்கு என்ன பயம்?

பிரியவதனி: நான் முதல் வலையைத்தான் கீறினனான் அண்ணா. அதை அழிக்கச் சொன்னது அம்மா. சூட்கேசை முதல்நாள் அடுக்கிக் குடுத்ததே அவதானாம். "போறதெண்டால் செத்தவராப் போங்கோ, விட்டிட்டுப் போன அப்பா என்ர பிள்ளையளுக்கு வேண்டாம்" எண்டு சொல்லி அனுப்பினவவாம். ஆனா நீங்கள் அப்பாவுக்குப் பின்னால கடற்கரைக்குப் போவீங்களெண்டு அவ நினைக்கேல்லை. திரும்பி வந்து "அப்பா மீன் பிடிக்கப் போயிட்டார்" எண்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு சொன்னீங்களாம்... உங்களுக்கும் எல்லாம் தெரியுமெண்டு அம்மாவுக்கு அப்பவே தெரியும், அண்ணா.