இரட்டையருக்குச் சொட்டு மருந்து

ரோதிகா: ...மொதல்ல அந்த ஜன்னலச் சாத்து, பவேல். பிள்ளைக்குக் குறுக்குக் காத்து அடிக்குது.

பவேல்: சாத்தினா நாத்தத்துல நாம மூணு பேரும் போய்ச் சேந்துருவோம்.

ரோதிகா: பெத்த பிள்ளையோட பீ உனக்கு நாத்தமா? நீ வடிக்கிற ஒயினுக்கு இது தேவலாம்.

பவேல்: என் ஒயின இழுக்காத. மால்டோவாவே அதக் குடிச்சிட்டு...

ரோதிகா: குடிச்சிட்டு இப்படித்தான் ஓடுச்சு. உன் தம்பி கல்யாணத்துல பாத்தேனே.

ஜினாயிதா: உஷ்! டிரிப்ஸ் ஏறுற கையப் பிடிங்கன்னா, சண்டை பிடிக்கிறீங்க. டோரின் கண்ணா, இந்த நர்ஸப் பாரு... ம். இப்ப அழுதா கண்ணுல தண்ணி வருது. காலைல ஒரு சொட்டு வரல.

பவேல்: அப்ப நல்லதா சிஸ்டர்?

ஜினாயிதா: நல்லதுதான். சோதனைல ரோட்டா வைரஸ்னு வந்திருச்சு, பிள்ளைங்களுக்கு வயித்தால போக வைக்கிற கிருமி. ரெட்டைப் பிள்ளைங்கன்னு சொன்னீங்களே, இன்னொருத்தன் எங்க?

பவேல்: மிஹாயா? இவ தங்கச்சி வீட்ல. மமலிகாக் களியத் தின்னுட்டு, தட்டையும் சேத்துக் கடிக்கிறானாம். ரெண்டும் ஒரே தொட்டில்லதான் கெடந்துச்சு... அவனுக்கு ஒண்ணுமே இல்ல.

ரோதிகா: மருந்தாம் மருந்து! இது வராம இருக்கத்தான்னு ரெண்டு பேருக்கும் ரெண்டு தடவ வாயில சொட்டு ஊத்தினாங்க. ஒருத்தன் தட்டக் கடிக்கிறான், ஒருத்தன் டயப்பர நிரப்புறான்.

ஜினாயிதா: ஏம்மா, அந்தச் சொட்டு வர்றதுக்கு முன்ன இந்த வார்டப் பாத்திருக்கியா? குளிர் வந்தா ஒரு கட்டில்ல மூணு பிள்ளை. பீத்துணில விழுந்து பீத்துணில எந்திரிப்பேன். இப்ப பாரு, பாதிக் கட்டில் காலி. உக்காந்து ஸ்வெட்டர் பின்னுறேன்.

ரோதிகா: அப்ப இவனுக்கு மட்டும் ஏன்?

ஜினாயிதா: சில பிள்ளைக்கு வரும். ஆனா ரெண்டு தடவையும் குடிச்ச பிள்ளைக்கு லேசா வந்துட்டுப் போயிரும். அதான் டாக்டர் சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னுட்டாரு.

பவேல்: சாயங்காலமேவா? சிஸ்டர்... ஒருவேளை... ஒரு தடவதான் குடிச்சிருந்தா?

ரோதிகா: யாரு என்ன சொன்னா உன்கிட்ட?

பவேல்: யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்.

ஜினாயிதா: சும்மா கேக்குற மூஞ்சியா இது? சொல்லு தம்பி.

பவேல்: மொத தடவ... பிப்ரவரில. இவளுக்குக் காய்ச்சல். நானும் மச்சானும்தான் சொட்டு ஊத்த ஊர் ஆஸ்பத்திரிக்குக் கார்ல கூட்டிட்டுப் போனோம். நிஸ்த்ரு ஆத்துக் காத்து ஆளையே தள்ளுது. மிஹாய்க்கு இவ ஆறு உடுப்பு மாட்டி விட்டிருந்தா. கழட்டி, சொட்டு ஊத்தி, மறுபடி மாட்டி... நடுவுல என் மேல ஒண்ணுக்குப் போயிட்டான். வெளிய வந்தா, கார்ல மச்சான் மடியில டோரின் தூங்குறான்.

ரோதிகா: அதுக்கு?

பவேல்: அந்தக் காத்துல தூக்கிட்டுப் போயிச் சளி பிடிச்சா நீ என்னக் கொன்னுருப்ப. ஊத்தாம வந்தா அங்க உள்ள நர்ஸம்மா உனக்குப் போன் பண்ணிருப்பா. அதான்... மிஹாயோட தொப்பியக் கழட்டிட்டு, டோரின் தொப்பிய மாட்டி...

ஜினாயிதா: அடப்பாவி! அவனயே மறுபடி உள்ள தூக்கிட்டுப் போனியா?

பவேல்: சப்புக்கொட்டிக் குடிச்சான் சிஸ்டர். இனிப்பு போலருக்கு.

ரோதிகா: நீயெல்லாம் ஒரு அப்பனா! ஒம்போது மாசமா இத நெஞ்சுக்குள்ள வச்சிக்கிட்டு என் பக்கத்துல படுத்துக் கொறட்ட விட்ட, இல்ல? கன்னுக்குட்டிக்கு ஊசி போட்டா மட்டும் காதுல சாயம் தடவித் தடவி எண்ணுவ! பெத்தது ரெண்டு. அத எண்ணத் தெரியல! உங்க வம்சத்துக்கே...

பவேல்: திட்டு. நல்லாத் திட்டு. நேத்து அவன் கண்ணு குழிக்குள்ள போச்சே... நீ மருந்தத் திட்டத் திட்ட, என்னையத் திட்டுற மாதிரியே இருந்துச்சு...

ரோதிகா: அழாத. அழுதா மட்டும்...

பவேல்: அழல. நாத்தம்.

ஜினாயிதா: சரி, போதும் விடுங்க. ரெண்டாவது தடவ யாரு கூட்டிட்டுப் போனது?

பவேல்: இவதான். ஏப்ரல்ல. என்னய மாதிரியா, கெட்டிக்காரி.

ஜினாயிதா: அப்பறம் என்ன? ஒரு சொட்டாவது உள்ள போயிருக்கு. டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிடறேன், கெளம்புங்க.

பவேல்: என்னடி, பாதில நிறுத்திட்ட? நீ திட்டலன்னாதான் எனக்குப் பயமா இருக்கு.

ரோதிகா: சிஸ்டர்... டாக்டர்கிட்ட அப்படிச் சொல்லாதீங்க.

ஜினாயிதா: ஏம்மா?

ரோதிகா: ஏப்ரல்ல அன்னிக்கு டோரின் விடிய விடிய அழுதுட்டு அப்பத்தான் கண்ணசந்தான். நான் மூணு ராத்திரியாத் தூங்கல. எழுப்பினா மறுபடி ஆரம்பிப்பான்... அதான் ஏற்கெனவே ஒரு தடவ அவங்கப்பா குடிக்க வச்சிருக்காரேன்னு, நானும் மிஹாயையே ரெண்டு தடவ...

பவேல்: ரோதிகா!

ஜினாயிதா: கடவுளே... நீயுமா?

ரோதிகா: இவன வீட்டுக்கு அனுப்பாதீங்க, இங்கயே வச்சுப் பாத்துக்கங்க. அப்பறம்... சிஸ்டர், நாலு தடவையும் ஒரே பிள்ளை குடிச்சிருந்தா, அவனுக்கு ஏதாவது ஆகுமா?