கடைசிக் கட்டில்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரிய டாக்டர் அவர்களே, அருகமர்ந்த மருத்துவப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியவர்களே, மடியிலே மழலையும் மனத்திலே பாரமும் தாங்கி வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்!

குழந்தைகள் பிரிவின் ஆண்டு விழாவில், பெற்றோர் சார்பில் பாராட்டிப் பேசப் பணித்தீர்கள். பாராட்டுகிறேன். என் தம்பியின் கைக்குழந்தைக்கு மூச்சுப்பாதை குறுகியபோது, கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தி உயிர் தந்தீர்கள். அந்தக் கைகளை வணங்குகிறேன். ஆனால் அந்தக் குழாயில் மூச்சு வரும், குரல் வராது. அவள் அழுதால் கண் அழும், கன்னம் அழும், உடம்பெல்லாம் அழும். ஓசை மட்டும் எழாது!

இதை அறிந்தவர்கள் நீங்கள். அறிந்த நீங்கள் அவளை எங்கே கிடத்தினீர்கள்? செவிலியர் மேசையருகிலா? இல்லை, வார்டின் கடைசிக் கட்டிலில்! ஏன் என்று கேட்டேன். தலைமைச் செவிலியர் சொன்னார்:

"கத்துற குழந்தைங்கள பக்கத்துல வெச்சுப்போம் சார். உங்க பாப்பா சமத்து, சத்தமே இல்ல."

சிரிக்கிறீர்களா ஐயா? இன்னும் கேளுங்கள்.

நேற்று, மருந்து வாங்கிவரத் தாயைக் கீழே அனுப்பினார்கள். குழாயில் சளி அடைத்தது. பிள்ளை காலை உதைத்தாள், கையை வீசினாள், வாயைப் பிளந்தாள். எதிர்க்கட்டில் பையனின் தகப்பனார், தங்கமான மனிதர், கைதட்டிக் கொஞ்சினார்: "அடடே, என்ன குஷி! மாமாவப் பாத்தா சிரிப்பா வருதா?" உதடு நீலம் பாரித்த பிறகே அலறினார்: "சிஸ்டர், ஓடியாங்க! குழந்தைக்கு என்னமோ ஆகுது!"

ஓடிவந்தார்கள், சளியை உறிஞ்சி எடுத்தார்கள், பிழைத்தாள்.

மூச்சுக்குத் துடித்த பிள்ளைக்கு நாம் தந்தது கைதட்டல்! தயவுசெய்து எனக்கு யாரும் கைதட்டாதீர்கள்.

இன்று காலையும் அதே கட்டில்! தாய் முகம் கழுவக்கூட எழ அஞ்சி, பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "கட்டில் வரிசை மாறினா ரவுண்ட்ஸ்ல பெரிய டாக்டர் திட்டுவாரு சார்" என்கிறார்கள். திட்டுவீர்களா, தலைவர் அவர்களே? வரிசை பெரிதா, மூச்சு பெரிதா? கத்தத் தெரிந்தவனுக்குத்தான் காவலா? கத்த முடியாதவளுக்கு மூலையா?

என்ன சொல்கிறீர்கள்? "விழா முடியட்டும், பாத்துக்கலாம் சார்" என்றா? விழா முடியும்வரை சளி காத்திருக்குமா?

அதோ, தலைமைச் செவிலியர் எழுந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள் அம்மா, நானும் வருகிறேன். கட்டிலின் ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொள்கிறேன். நடுவில் இருப்பவர்கள் சற்றே ஒதுங்குங்கள். வழிவிடும் உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம்!