நாக்குல ஒட்டுற கல்லு

— சத்தியமா, ஹெஸ்டர்! ஓடைக்கரை மண்ணுக்குள்ளேருந்து நீட்டிக்கிட்டு இருந்துச்சு. டைனோசர் தொடை எலும்பேதான்!

— அப்படியா டெல்லா? ஒம்பது கோடி வருஷத்துக்கு முந்தின டைனோசர் டீ குடிச்சிருக்கே. வாசனை கமகமன்னு வருது.

— நான் ஒண்ணும் சொல்லல! அக்காதான் பழசாட்டம் தெரியணும்னு ரெண்டு நாளா டீத்தண்ணி வாளியில ஊறவச்சா.

— ராய், வாயை மூடுடா!

— அவனை ஏன் திட்டுறே? இது போன ஞாயித்துக்கிழமை நாம சாப்பிட்ட ஆடு. தூக்கிப் பாரு, தக்கையாட்டம் இருக்கு. கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள்ள கிடந்தா எலும்பு கல்லா மாறிடும், கையை இழுக்கும். எதுக்கும்மா இந்தக் கள்ளத்தனம்? டைனோசர் தேடி ஆளுங்களோட வந்து, ரெண்டு வாரம் தோண்டி ஒரு பல்லுகூடக் கிடைக்காம நானே நொந்துபோயிருக்கேன்.

— அதான்! ஒண்ணும் கிடைக்கலன்னு நாளைக்குக் கூடாரத்தைப் பிரிச்சிட்டு பிரிஸ்பேனுக்குப் போறீங்கல்ல? எங்க ஸ்கூலே கம்ப்யூட்டர்லதான். பக்கத்துப் பண்ணைக்கு வண்டியில ஒண்ணரை மணி நேரம். நீங்க போயிட்டா நான் பேசுறதுக்கு இவனும் அஞ்சாயிரம் ஆடும்தான்.

— ஆடு பாவம்.

— எனக்கும் போக மனசில்ல தங்கம். இந்தக் காஞ்ச பூமியில ஒரு காலத்துல ஆறு ஓடிச்சு, காடு நின்னுச்சு. பஸ் நீளத்துக்கு ஒரு மிருகம் கழுத்தை நீட்டித் தழை தின்னுச்சு. எங்கேயோ படுத்திருக்கு, என் கண்ணுலதான் சிக்க மாட்டேங்குது. சரி, வாளியைக் கழுவி வை. ஆமா, மூடி மேல இது என்ன?

— பாரம். நம்ம நாய் இருக்கே, பிஸ்கட், அது எலும்பை மோந்துக்கிட்டே வந்துச்சுன்னு வச்சேன். சும்மா கல்லு.

— இந்தக் கரிசல் மண்ணுல சும்மா கல்லு ஏது? சுத்துவட்டாரத்துல ஒரு கூழாங்கல்கூடக் கிடையாதே. குடு இப்படி.

— ஐயய்யே! ஏன் அதை நக்குறீங்க?

— கல்லா மாறின எலும்புலயும் பொடிப்பொடியா ஓட்டை இருக்கும், டெல்லா. ஈரத்தை உறிஞ்சும், நாக்குல ஒட்டிக்கும். சாதாக் கல்லு ஒட்டாது. ம்ம்... அடியாத்தி, ஒட்டுது!

— நான் ஒண்ணும் சொல்லல... ஆனா பிஸ்கட் தினமும் காலைத் தூக்குறது அந்தக் கல்லு மேலதான்.

— தூ! தூ! ராய், இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? போகட்டும் போ. டெல்லா, இது முதுகெலும்பு! நிஜமான டைனோசர்! எங்கேருந்து எடுத்தே?

— நாய்க்கூண்டைச் சுத்தி இன்னும் முப்பது கிடக்கு. அப்பாதான் கொண்டுவந்து போட்டார்.

— அவருக்கு எங்கே கிடைச்சுது? யோசிச்சுச் சொல்லு. மத்ததெல்லாம் இன்னும் அங்கேதான் மண்ணுக்குள்ள இருக்கும். இடம் மட்டும் தெரியட்டும், ஆறு மாசம் நான் இங்கேயேதான்.

— நிஜமாவா? ஆறு மாசமா? அது... ஹெஸ்டர், அது வந்து... டேய் ராய், நீயே சொல்லுடா.

— நான் ஒண்ணும் சொல்லல!

— டேய், இப்பச் சொல்லுடா!

— விருந்தாளிங்க கால்ல இடிச்சுக்கக் கூடாதுன்னு, குழி வெட்டும்போது வந்த கல்லையெல்லாம் அப்பா நாய்க்கூண்டுப் பக்கம் தூக்கிப் போட்டார்.

— எந்தக் குழி?

— நீங்க வர்றீங்கன்னு புதுசா ஒரு கக்கூஸ் கட்டினார்ல, அந்தக் குழி. ரெண்டு வாரமா நீங்க எல்லாரும் தினமும் அந்த டைனோசர் மேலதான் உக்காந்துட்டு வர்றீங்க!